பழைய மில்லிங் மெஷினை வாங்கலாமா?

வணக்கம் சார்,

கைக்கருவிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். பம்ப் கம்பெனி டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கத்தில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையை மூடுகிறார்கள். அங்கே ஒரு எச்எம்டி யுனிவர்சல் மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்குவது) பல வருஷமாக ஓடாமல் மூலையில் நிற்கிறது. மேலெல்லாம் துரு, பெயின்ட்டும் உரிந்துவிட்டது. காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டிருக்கிறார். அதே விலைக்கு எனக்குத் தருவதாக முதலாளி சொல்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஷெட் இருக்கிறது. வாங்கி முழுதாகப் பிரித்து, பெயின்ட் அடித்து, புதிதுபோல ஆக்க ஆசை. மகனோ, “இது எதற்குப்பா, மேஜை மேல் வைக்கிற மாதிரி புதுசாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறான். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் கரண்ட்தான். என்ன செய்யலாம்?

ர.,
கணபதி, கோவை

அன்புள்ள ர.,

வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காலைப்பொழுதை அந்த மெஷினோடு செலவழியுங்கள். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி), மேக்னெட் ஸ்டாண்ட், டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு மரக்கட்டை போதும். ஸ்பேனர் செட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பிரிப்பதற்கு முன் அளந்தால்தான் எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே கை வைக்கவே கூடாது என்பது தெரியும். முதல் நாளே பிரித்துப் போட்டு, பிறகு பூட்ட முடியாமல் சாக்கில் கட்டி எடைக்குப் போன மெஷின்கள் நிறைய.

துருவுக்குப் பயப்படாதீர்கள். மெஷினின் உயிர் ஸ்லைடுகளில், அதாவது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி ஓடும் பரப்புகளில், இருக்கிறது. டேபிளைத் தாங்கி ஏறி இறங்குகிற ‘நீ’யைக் கீழே இறக்கிவிட்டு, தூணின் ஸ்லைடை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். ஸ்கிரேப்பர் என்கிற சுரண்டும் உளி போட்ட பிறைப்பிறையான தடங்கள் மேலே தெளிவாகவும், அதிகம் ஓடிய இடத்தில் மழமழவென்று அழிந்தும் இருந்தால், தேய்மானம் அங்கேதான். அப்புறம் டேபிளை நடுவில் நிறுத்தி, கிப்பை (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) லேசாகப் பிடிக்கிற அளவுக்கு இறுக்கி, இரண்டு ஓரத்துக்கும் கையால் ஓட்டுங்கள். ஓரத்தில் போய் இறுகினால் நடுவில் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு தூரத்தில் இறுகுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கைச்சக்கரம் கால் சுற்று சும்மா சுற்றுகிறதே என்று கைவிட்டுவிடாதீர்கள். அந்தச் சும்மா சுற்றலை, அதாவது பேக்லாஷை, நடுவிலும் இரண்டு ஓரத்திலும் டயல் வைத்து அளந்து பாருங்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவு வந்தால் தேய்ந்தது பெரும்பாலும் டேபிளை ஓட்டும் லீட் ஸ்க்ரூவின் நட்டுதான். கன்மெட்டலில் புது நட்டு கடைந்து தர கோவையில் ஆளுக்கா பஞ்சம்? நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு என்றால் லீட் ஸ்க்ரூவே தேய்ந்திருக்கிறது. அது செலவு, விலை பேசும்போது சொல்லிக் குறைக்கலாம். உங்களுக்குத் தெரிந்ததுதான்: கட்டர் சுழலும் திசைக்கு எதிராக ஜாபை (செதுக்க வேண்டிய துண்டை) ஊட்டும் வரை பேக்லாஷ் பெரிய தொந்தரவு தராது. கட்டரோடு சேர்த்து ஊட்டினால்தான் அது டேபிளை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் டேப்பருக்குள் (கூம்புத் துளைக்குள்) டயல் முள்ளை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முள்ளின் அசைவு 0.01 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சந்தோஷம். பிறகு மரக்கட்டையைக் கொடுத்து ஸ்பிண்டிலை மேலே நெம்பிப் பார்த்தால் பேரிங் ஆட்டம் தெரிந்துவிடும். கியர் பாக்ஸிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுக்க முடிந்தால் உள்ளங்கையில் விட்டு வெயிலில் காட்டுங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பொன்னிறத் தூள் மின்னினால் உள்ளே பித்தளையோ கன்மெட்டலோ அரைபடுகிறது.

தேய்மானம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். டேபிள் ஓட்டம் முழுவதற்கும் சேர்த்து 0.05 மில்லிமீட்டர் வளைவு இருந்தால் ஒரு அடி நீளத்துக்கு மேல் வேலை செய்கிற கம்பெனிக்கு அது குறை. நீங்கள் வீட்டு ஷெட்டில் செய்யப்போவது பெரும்பாலும் உள்ளங்கை அளவு ஜாப். அந்தச் சின்ன நீளத்துக்குள் அந்த வளைவில் மிகச் சிறிய பகுதிதான் வரும். ஆகவே ஸ்லைடை கிரைண்டிங்குக்கு அனுப்ப அவசரப்பட வேண்டாம். அங்கே கிரைண்ட் செய்தால் எதிர்ப்பக்கத்தையும் அதற்கேற்ப ஸ்கிரேப் செய்து உட்கார வைக்க வேண்டும், உயரங்களும் மாறும்.

ஸ்கிரேப்பிங் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், தயவுசெய்து இந்த மெஷினில் தொடங்காதீர்கள். இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1840இல் சமதளப் பரப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சாயம் பூசி, ஒன்றோடு ஒன்று ஒத்திப் பார்த்து, மேடுகளை மட்டும் சுரண்டி எடுக்கும் முறையை அதில் விளக்கினார். இரண்டு பிளேட்டுகளை மட்டும் ஒத்தினால் ஒன்று குழியாகவும் மற்றது மேடாகவும் இருந்தும் பொருந்திவிடும். மூன்று பிளேட்டுகளை மாற்றி மாற்றி, திருப்பி வைத்தும் ஒத்தினால் அந்த ஏமாற்று நடக்காது. மூன்றும் சமமானால்தான் மூன்றும் பொருந்தும். முன்மாதிரி எதுவும் இல்லாமல் வெறும் இரும்பிலிருந்தே சமதளத்தைப் பிறப்பிக்கலாம் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். மூன்று சின்ன வார்ப்பிரும்புத் துண்டுகளில் செய்து பாருங்கள், கை பழகும்.

உங்கள் மெஷினுக்கு முதல் வேலை சுத்தம். ஸ்லைடில் எமரி பேப்பர் படக்கூடாது. மண்ணெண்ணெய், பித்தளை பிரஷ், பிளேடு, தடித்த இடத்தில் மட்டும் எண்ணெய்க்கல். எண்ணெய் விட வேண்டிய நிப்பிள்களில் யாராவது கிரீஸ் கன் வைத்து அடித்திருப்பார்கள். அது உள்ளே மெழுகாக உறைந்து எண்ணெய் வழிகளை அடைத்துவிடும். ஊசி சிரிஞ்சில் மண்ணெண்ணெய் ஏற்றி ஒவ்வொரு துளையிலும் விட்டு, மறுமுனையில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டாத இடத்தை மட்டும் பிரியுங்கள். பெயின்ட் கடைசி, அடிக்காமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். யுனிவர்சல் மெஷின் பிறந்ததே டிரில் பிட்டின் முறுக்குப் பள்ளத்தை வெட்டத்தான். அதுவரை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஜோசப் பிரவுன் 1862இல் அதற்கென்று செய்தார், டேபிள் திரும்பும், கூடவே ஜாபைச் சம பாகங்களாகத் திருப்பும் டிவைடிங் ஹெட். ஆகவே அந்தப் பட்டறையில் டிவைடிங் ஹெட், துளைத் தட்டுகள், சேஞ்ச் கியர்கள், ஆர்பர் (கட்டரை மாட்டும் தண்டு), காலர்கள் எங்கே என்று கேளுங்கள். ஏதோ ஒரு மரப்பெட்டியில் கரி படிந்து கிடக்கும், காயலான் கடைக்காரர் அதைத் தனியாக எடை போட்டுவிடுவார். மெஷினோடு சேர்த்தே விலை பேசுங்கள். இவை தனித்தனியாகத் தேடினால் கிடைப்பது அரிது.

மின்சாரம்: மோட்டார் நேம் பிளேட்டைப் பாருங்கள். 3 எச்பிக்குள், 415 வோல்ட் ஸ்டார் இணைப்பு என்றால், அதை டெல்டாவாக மாற்றி (இரண்டும் மோட்டார் சுருள்களை இணைக்கும் முறைகள்), சிங்கிள் ஃபேஸ் கரண்ட்டை மூன்று ஃபேஸாக்கித் தரும் விஎஃப்டி வைத்து ஓட்டலாம். விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஸ்விட்ச் எதுவும் வரக்கூடாது. அதற்கு மேல் எச்பி என்றால் 415 வோல்ட்டுக்கே டெல்டாவாகத்தான் பெரும்பாலும் கட்டியிருப்பார்கள், அப்போது மூன்று ஃபேஸ் இணைப்புக்கு எழுதிப் போடுவதே நல்லது.

உங்கள் மகன் இடத்தையும் பாரத்தையும் நினைத்துச் சொல்கிறார், அது நியாயமே. ஷெட் தரை கான்கிரீட்டா, கிரேன் உள்ளே வருமா என்று அவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஆனால் இரும்பில் ஆழமாக ஒரு கட் போடும்போது அதிராமல் நிற்பதற்கு எடை வேண்டும். மேஜை மெஷினிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அளந்த கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள், எந்த இடத்தில் கை வைக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.