நன்றாக உழைக்கும் குடும்பங்கள்கூட ஏன் கடனிலிருந்து மீள முடிவதில்லை?

வருமானம் போதவில்லை என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய இடைஞ்சல், பணம் எப்போது கைக்கு வரும் என்றே தெரியாமல் இருப்பது. தினக்கூலி, தையல், சிறு வியாபாரம் என்று பிழைக்கும் வீடுகளில் உட்கார்ந்து வரவு செலவு எழுத உதவிய அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் கணவர் கட்டட வேலை, மனைவி தையல். வேலை தொடர்ந்து கிடைத்த மாதங்களில் நோட்டில் மிச்சம் இருக்கிறது. மழை பிடித்தால் இரண்டு மாதம் அவருக்கு வேலை நின்றுவிடும்; பிள்ளையின் ஃபீஸ் அதற்காகக் காத்திருக்காது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் துண்டு விழுவது கொஞ்சம்தான். அந்த இரண்டு மாதத்தை ஓட்ட வாங்கிய கடனின் வட்டிதான் நல்ல மாதத்து மிச்சத்தையெல்லாம் தின்றுவிடுகிறது. 2012-13இல் அமெரிக்காவில் 235 குடும்பங்களின் வரவு செலவைத் தொடர்ந்து குறித்துவந்த ஆய்விலும் இதே ஏற்ற இறக்கம்தான் தெரிந்தது.

அடுத்து, ஃபிளாட் வட்டி. "வருஷத்துக்கு 12 சதவீதம்தான்" என்பார்கள். ஒரு வருஷத்தில் கட்டி முடிப்பதாக 12,000 ரூபாய் வாங்கினால் வட்டி 1,440, மாதத் தவணை 1,120. அசல் மாதாமாதம் குறைகிறது. வட்டியோ கடைசிவரை முழு 12,000க்கும் ஓடுகிறது. மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் கணக்குப் போட்டால் அது 21 சதவீதத்தைத் தாண்டும். கையெழுத்துப் போடும் முன்பே இந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு மிகவும் வலிப்பது குழுக் கடன். ஒருத்தி தவணை கட்ட முடியாமல் போனால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். அவசரத்துக்குக் கைமாற்று கொடுத்த அக்காவே வாசலில் வந்து நின்று சத்தம் போடுகிறார். கஷ்ட காலத்தில் தாங்கிப் பிடிப்பதே அக்கம்பக்கம்தான். அந்த உறவு முறிந்தால் எந்தக் கடனாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. இத்தனைக்கும் பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி கூட்டுப் பொறுப்பை எடுத்துவிட்டு, அவரவர் கடனுக்கு அவரவரே பொறுப்பு என்று மாற்றிப் பார்த்தபோது தவணை தவறுவது அதிகமாகவில்லை.

இருக்கிற கடனை அடைத்த பிறகு சேமிக்கலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கந்துவட்டி இருந்தால் அதை முதலில் தீர்க்க வேண்டும், சரி. மற்றபடி, தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலையில்லாத ஒரு மாதத்தைத் தாங்கும் அளவு பணத்தை மனைவி பெயரில் தனிக் கணக்கில் சேர்க்கத் தொடங்குங்கள். புதுக் கடன் வாங்கியே ஆகவேண்டும் என்றால், வேலை இல்லாத மாதங்களில் தவணையைக் குறைத்துக் கட்ட வழி உண்டா என்று முன்கூட்டியே பேசி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.