கண்கள் நன்றாக இருக்க தினமும் என்னென்ன பழக்கங்களைக் கடைப்பிடிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் தன்னைப் பற்றியும் கொஞ்சம் எழுதியிருக்கிறார். வயது 34, நாள் முழுக்க கணினி முன்னால் வேலை, சாயங்காலம் ஆனால் கண் எரிச்சல். அம்மா ராத்திரி படுக்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. அப்பாவுக்குச் சர்க்கரை.

நான் தேனி பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. டாக்டரிடம் போவதற்கு முன் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, பவர் பார்த்து, கண் அழுத்தம் அளக்கிற ஆள். தடுத்திருக்கக்கூடிய பாதிப்போடு வருகிறவர்களிடம் விசாரித்தால் இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும்: கண்ணுக்குள் எதையாவது விட்டிருப்பார்கள், அல்லது காட்ட வேண்டிய நேரத்தில் காட்டாமல் இருந்திருப்பார்கள். ஆகவே என் பதில் அதிகமும் இந்த இரண்டைச் சுற்றித்தான் இருக்கும்.

முதலில் உங்கள் எரிச்சல். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது இது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். இமைக்கிற இமையும் முழுதாக மூடாமல் அரைகுறையாக மூடித் திறக்கும். கருவிழியின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அதன் மேல்பரப்பில் இருக்கும் எண்ணெய்ப் பசை இமை ஓரத்துச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. நீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது அதுதான். இமை முழுதாக மூடினால்தான் அந்த எண்ணெய் வெளியே வந்து பரவும். மூடாவிட்டால் கண் காய்ந்து, மணல் விழுந்தது போல உறுத்தும். அதற்கு மேல் ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் செய்ய வேண்டியது எளிமையானது. திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். பார்வை தாழ்ந்தால் இமையும் தாழும், காயும் பரப்பு குறையும். ஒரு கை நீளத் தூரம் இருக்கட்டும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் 20 நொடி பார்க்கச் சொல்கிற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நல்லதுதான், கிட்டப் பார்த்துப் பார்த்து இறுகியிருக்கும் உள் தசை தளரும். ஆனால் அந்த 20 நொடியில் நிதானமாக, இமையை முழுதாக மூடி, நாலைந்து தடவை திறப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் அதுதான் எரிச்சலை அதிகம் குறைக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சூடு பொறுக்கிற அளவில், மூடிய இமை மேல் ஐந்து பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். இமை ஓரச் சுரப்பிகளில் அடைத்திருக்கும் எண்ணெய் இளகும்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு குழாய்த் தண்ணீரை அள்ளி அள்ளி அடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். குளுமையாகத் தெரியும், ஆனால் இருக்கிற கண்ணீர்ப் படலத்தையும் கழுவிவிடும். முகம் கழுவும்போது கண்ணை மூடிக்கொண்டால் போதும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதல் காசு கொடுக்கவும் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை. ஆனால் உங்களுக்குச் சின்ன பவர் இருந்து அது தெரியாமல் இருந்தால், அதுவே தலைவலிக்குக் காரணமாக இருக்கலாம். அதை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கண்ணாடி போட ஆரம்பித்தால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்பது வெறும் பயம்தான். போட்டாலும் போடாவிட்டாலும் ஏறுகிற பவர் ஏறும்.

அடுத்து விளக்கெண்ணெய். அம்மாவுடைய அக்கறை எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் இதே பேச்சு உண்டு. உச்சந்தலையில் வைக்கட்டும், உள்ளங்காலில் தேய்த்துவிடட்டும், சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். கண்ணுக்குள் மட்டும் வேண்டாம். கடையில் வாங்கும் எண்ணெய் கண்ணுக்கென்று கிருமி நீக்கித் தயாரித்தது அல்ல. தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், பன்னீர், சின்ன வெங்காயச் சாறு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். நல்ல கண் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் "எங்க பாட்டி காலத்துல இருந்து விடுறோம், ஒண்ணும் ஆகல" என்று சொல்ல முடிகிறது. கருவிழியில் ஒரு சின்னக் கீறல் இருக்கும் நாளில் விட்டால் கதை வேறு.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் மனதை மிகவும் வருத்துவது இதுதான். எங்கள் பக்கம் நெல் அறுவடை நேரத்தில் சுணையோ உமியோ கண்ணில் தெறிக்கும். கரும்புத் தோகை கிழிக்கும். மாட்டு வால் அடிக்கும். உடனே பக்கத்தில் இருக்கும் ஒருவர் சேலைத் தலைப்பால் துடைப்பார், நாக்கால் துழாவி எடுக்கத் தெரிந்தவர்களும் ஊரில் இருப்பார்கள். அடுத்த நாள் சிவந்துவிடும். ஏதாவது ஒரு சாற்றை விடுவார்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் மருந்துக் கடையில் "கண்ணு சிவந்திருக்கு, ஒரு டிராப்ஸ் குடுங்க" என்று வாங்கி விடுவார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு சட்டென்று குறையும், குணமாகிறது என்று நம்பிவிடுவார்கள். உள்ளே பூஞ்சைக் கிருமி இருந்தால் ஸ்டீராய்டு அதற்கு வசதி செய்து கொடுத்துவிடும். கருவிழியில் வெள்ளையாகப் புண் தெரிந்த பிறகு எங்களிடம் வருவார்கள். மருந்தால் ஆறினாலும் தழும்பு நின்றுவிடும், தழும்பு நடுவில் இருந்தால் பார்வை போய்விடும்.

மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டபோது லட்சம் பேருக்கு 113 பேர் கருவிழிப் புண்ணால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஒரு பகுதியில் எடுத்த கணக்கைவிட இது பத்து மடங்கு. வயலில் அடிபடுவது நம் ஊரில் அதிகம் என்பது ஒரு காரணம். அதற்குப் பிறகு கைவைத்தியத்தில் போகும் நாட்கள் இன்னொரு காரணம் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். கண்ணில் எது விழுந்தாலும் கசக்காமல், சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். உறுத்தல் போகாவிட்டால் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையிலேயே காட்டுங்கள். அலமாரியில் போன வருஷத்து டிராப்ஸ் இருந்தால் தூக்கிப் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்களுக்கும் கேட்கும் என்று எடுக்காதீர்கள். மெட்ராஸ் ஐ வந்தாலும் அப்படித்தான். அது பார்ப்பதால் ஒட்டாது, கை, துண்டு, தலையணை வழியாகத்தான் ஒட்டும். துண்டைத் தனியாக வைத்து, கையை அடிக்கடி கழுவி, டாக்டர் சொன்னதை மட்டும் விடுங்கள்.

குழந்தை இருக்கும் வீடு என்பதால் இன்னொன்று. வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பு டப்பாவையோ பாக்கெட்டையோ குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். அழுத்தினால் பிதுங்கி நேராகக் கண்ணில் அடிக்கும். சுண்ணாம்பு, ஆசிட் எது பட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் அங்கேயே குழாயைத் திறந்து, இமையைப் பிரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம் தண்ணீர் ஓட விடுங்கள். அப்புறம் கிளம்புங்கள். குழாயைத் திறந்து இப்படி நேராகக் கண்ணுக்குள் ஓட விடலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான்.

இப்போது உங்கள் பெண். ஆறு வயது முக்கியமான வயது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் ஒரே பழக்கம், பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது. சீனாவில் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் வெளியில் ஒரு வகுப்பைக் கூட்டினார்கள். மூன்று வருடம் கழித்து, வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை (தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது) வந்திருந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதம். 2015-ல் வெளியான முடிவு இது. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று அரசே திட்டம் போட்டு நடத்துகிறது. கண் விழி நீளமாக வளர்வதால்தான் கிட்டப்பார்வை வருகிறது. பிரகாசமான வெளிச்சம் அந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டு டியூப் லைட் சில நூறு லக்ஸ் தரும். வெளியே மரத்தடி நிழலில்கூட அதைப் போலப் பல மடங்கு இருக்கும். அதனால் வெயிலில் வாட்ட வேண்டியதில்லை. வேப்ப மரத்தடியில் பாண்டி ஆடினாலும் சரி. சூரியனை வெறும் கண்ணால் பார்த்தால் பார்வை கூடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் செய்யாதீர்கள். காலைச் சூரியனாக இருந்தாலும், கண்ணின் பின்பக்கம் இருக்கும் விழித்திரை பாதிக்கப்பட்டால் பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

அவளுக்குப் பார்வை சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிவிட்டு, எதிர்ச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் நாளையும் கிழமையையும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் காலம் தாழ்த்தாமல் கூட்டிப் போங்கள். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தால் குழந்தை சொல்லாது, நல்ல கண்ணை வைத்துச் சமாளித்துவிடும். மூளை மற்ற கண்ணை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்பது அதுதான். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடியும், நல்ல கண்ணை மூடி வைக்கும் ஒட்டுப் பட்டையும் வைத்தே நன்றாகச் சரிசெய்யலாம், வயது ஏற ஏறக் கடினம். மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவைத்த பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அழுகையே வரும்.

சாப்பாட்டைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. முருங்கைக்கீரை, மஞ்சள் பூசணி, பப்பாளி, முட்டை வாரத்தில் சில நாள் இருந்தால் போதும். கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்குங்கள், அதிலிருக்கும் சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். கேரட் சாறு குடித்துக் கண்ணாடியைக் கழற்றியவர் யாருமில்லை. புகை பிடித்தால் நிறுத்துங்கள், புரையும் விழித்திரைத் தேய்வும் அதனால் கூடும். பைக்கில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

கடைசியாக, பரிசோதனை. என் பெரியப்பா கடைசி வரை பேப்பர் படித்தார். பக்கவாட்டில் வருகிற வண்டி தெரியாமல் இரண்டு தடவை விழுந்த பிறகுதான் காட்டினோம். கிளாக்கோமா. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருந்தது. பெரும்பாலும் வலி இருக்காது, நேர்ப் பார்வை நன்றாகவே இருக்கும், ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். போனது திரும்பி வராது, மருந்து விட்டால் மீதியைக் காப்பாற்றலாம். அதனால் 40 வயதில் வெள்ளெழுத்து வந்து வாசிக்கும் கண்ணாடி வாங்கப் போகும்போது, கடையிலேயே வாங்கித் திரும்பாமல் கண் அழுத்தமும் நரம்பும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால் 40 வரை காத்திருக்க வேண்டாம். திடீரென்று மின்னல் போல வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கொத்தாக மிதந்தாலோ, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். அது விழித்திரை பிரிவதாக இருக்கலாம்.

உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் நீங்கள் முதலில் கூட்டிப் போக வேண்டியவர் அவர்தான். "எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது" என்பார். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவர்களுக்கும் விழித்திரையில் ரத்தக் கசிவு இருப்பதை நாங்கள் பார்க்கிறோம். மங்க ஆரம்பிக்கும்போது நோய் முற்றியிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். சென்னையில் இருந்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, 1819-லிருந்து இயங்குகிறது. மற்ற ஊர்களில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம். அரவிந்த் மருத்துவமனை சின்ன ஊர்களிலும் பார்வை மையங்கள் வைத்திருக்கிறது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள், கருவிழி நடுவில் இருக்கும் பாப்பா விரிந்த பிறகுதான் உள்ளே பார்க்க முடியும். அதன் பிறகு சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். அவர் தனியாக வண்டியில் போக வேண்டாம், நீங்கள் கூடப் போங்கள். சர்க்கரைச் சீட்டையும் சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள், போகிற வேளையில் உங்கள் கண்ணையும் காட்டிவிட்டு வாருங்கள்.