வாசகர் கேள்வி-பதில்: ஒரு துணியை ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க

தல்மூத்ங்கறது யூதர்களோட சட்டப் புத்தகம்னு சொல்றாங்களே, மொழிபெயர்ப்பை எடுத்துப் பாத்தா பக்கம் பக்கமா வாக்குவாதம்தான் இருக்கு, முடிவையே காணோம். இதை வச்சு எப்படி தீர்ப்பு சொன்னாங்க?
- வாசகர், திண்டுக்கல்

முதல் தடவை படிக்கும்போது எனக்கும் இதே குழப்பம்தான். கொஞ்சம் பின்னாடி போனா புரியும். கி.பி. 70ல ரோமானியப் படை ஜெருசலேம் கோயிலை அழிச்சிடுச்சு, பலி கொடுக்க இடம் போச்சு, கோயில் பூசாரிகளான ஆசாரியர்களுக்கு வேலை போச்சு, அப்புறம் 132லேர்ந்து 135 வரைக்கும் ரோமானியர்களை எதிர்த்து பார் கோக்பா தலைமையில நடந்த கிளர்ச்சியும் தோத்துப் போச்சு. இதுக்கப்புறம் இன்னிக்கு இஸ்ரேலோட வடபகுதியா இருக்கற கலிலேயா பக்கம் ரபிகள்னு சொல்ற அறிஞர்கள் வாய்வழியா வந்த சட்டத்தை எல்லாம் தொகுத்தாங்க, சுமார் 200ல யூதா ஹநாசிங்கற ரபி காலத்துல அது மிஷ்னாங்கற உருவத்துக்கு வந்துது, 6 பெரிய பிரிவு, அதுக்குள்ள 63 நூல். அந்த மிஷ்னாவை எடுத்து வச்சு வரி வரியா அலசினதுதான் தல்மூத். அதுல ரெண்டு இருக்கு, கலிலேயாவுல உருவானதை ஜெருசலேம் தல்மூத்ங்கறாங்க, இன்னிக்கு இராக்கா இருக்கற இடத்துல சூரா, பும்பெதிதா மாதிரி ஊர்கள்ல வளர்ந்தது பாபிலோனியத் தல்மூத். உங்க கையில இருக்கறது அனேகமா ரெண்டாவதுதான்.

இப்போ பாவா மெட்சியாங்கற நூலைத் திறங்க. முதல் வரியிலயே ரெண்டு பேர் ஒரு துணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. நான்தான் கண்டெடுத்தேன்ங்கறான் ஒருத்தன், இல்ல நான்தான்ங்கறான் இன்னொருத்தன், முழுசும் எனக்குத்தான்னு ரெண்டு பேரும் சொல்றாங்க. மிஷ்னா என்ன சொல்லுதுன்னா, "இதுல என் பங்கு பாதிக்குக் குறையாது"ன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணணும், அப்புறம் சமமா பிரிச்சுக்கணும். ஒருத்தன் முழுசும் எனக்குன்னு சொல்லி, இன்னொருத்தன் பாதி எனக்குன்னு சொன்னா? தகராறே இல்லாத பாதி முதல் ஆளுக்குப் போயிடும், மிச்சப் பாதியைத்தான் பிரிப்பாங்க, அப்போ முக்கால் ஒருத்தனுக்கு, கால் ஒருத்தனுக்கு.

இத்தோட முடிஞ்சுதுன்னு நாம நினைப்போம், ஆனா தல்மூத் இங்கதான் ஆரம்பிக்குது. சத்தியத்துல ஏன் இப்படி சுத்தி வளைச்சு ஒரு வார்த்தை? "முழுசும் என்னுது"ன்னு சத்தியம் பண்ணினவனுக்கு பாதியைக் கொடுத்தா அவன் சத்தியத்தை கோர்ட்டே பொய்யாக்கினது மாதிரி ஆயிடும், "பாதி என்னுது"ன்னு சத்தியம் பண்ணினா முன்னாடி முழுசும் கேட்டானே, தன் வாயாலயே தன் வழக்கைக் கெடுத்துக்கறான், அதனாலதான் "குறையாது"ங்கற வார்த்தை. சரி, சத்தியமே எதுக்கு? இல்லாட்டி போற வர்றவன் எல்லாம் அடுத்தவன் துணியைப் பிடிச்சு இழுத்து என்னுதும்பான்னு ரபி யோஹனான் காரணம் சொல்றார். ஒரு துணிக்கு இவ்வளவு யோசிச்சிருக்காங்களேன்னு எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம் அடங்கல.

தோத்த கட்சியோட கருத்தை ஏன் எழுதி வைக்கணும்ங்கறதையும் மிஷ்னாவே கேக்குது, பின்னாடி வர்ற ஒரு சபைக்கு அந்தக் கருத்து சரின்னு பட்டா அதைப் பிடிச்சுக்கலாமேன்னு பதிலும் சொல்லுது. ஹில்லேல், ஷம்மாய்னு ரெண்டு பழைய குருமார், அவங்க சீடர்களான ஹில்லேல் கட்சிக்கும் ஷம்மாய் கட்சிக்கும் நடந்த வாதத்துல ஏன் ஹில்லேல் கட்சி சொன்னபடி நடக்கணும்னு ஆச்சு? அவங்க பணிவானவங்க, தங்க கருத்தைச் சொல்றதுக்கு முன்னாடி எதிர்க்கட்சி கருத்தைச் சொல்லிக் கொடுத்தாங்க, இதுதான் தல்மூத் தர்ற காரணம். அதனால தீர்ப்பு எங்கேன்னு தேடாதீங்க, காரணத்தைத் தேடிப் படிங்க, தீர்ப்பை மட்டும் தனியா பிரிச்சு சட்டத் தொகுப்பா எழுதற வேலை எல்லாம் பிற்பாடுதான் வந்துது.

அந்த நூல்கள்ல இந்தியா வருதா?
- வாசகர், மதுரை

வருது. மிஷ்னாவுல யோமாங்கற நூல்ல, பாவநிவாரண நாள் அன்னிக்கு பிரதான ஆசாரியர் காலையில எகிப்துல இருக்கற பெலூசியத்து லினனும் சாயங்காலம் இந்திய லினனும் உடுத்துவார்னு இருக்கு, இந்தியத் துணியோட விலை 800 சூஸ், அதாவது 800 வெள்ளிக் காசுன்னு ரபி மேயிர் சொல்றார். இந்தியாவுல எந்த ஊர்த் துணின்னு அதுல இல்ல.

அந்தக் காலத்து யூதர்கள் எல்லாரும் ரபிகள் சொன்னபடிதான் வாழ்ந்தாங்களா?
- வாசகர், கோயம்புத்தூர்

இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். 1961ல சாக்கடல் பக்கம் ஒரு குகையில யீகேல் யாதின் குழு தோண்டினப்போ ஒரு தோல் பை கிடைச்சுது, உள்ள பாபதாங்கற ஒரு பொண்ணோட 35 பத்திரம், பத்திரமா கட்டி வச்சது. கி.பி. 94லேர்ந்து 132 வரைக்குமான பத்திரங்கள், கிரேக்கம், அன்னிக்கு யூதர்கள் பேசின அரமேயம், பக்கத்துல பெத்ராவைத் தலைநகரா வச்சிருந்த நபதேயர்களோட நபதேயம்னு மூணு மொழி. கிளர்ச்சி சமயத்துல உயிருக்கு பயந்து ஓடினவ, வீட்டுப் பத்திரத்தை எல்லாம் தூக்கிக்கிட்டுதான் ஓடியிருக்கா.

பாபதாவுக்குப் பேரீச்சந் தோப்பு உண்டு, எழுதப் படிக்கத் தெரியாது. முதல் புருஷன் செத்ததும் பையனுக்கு பெத்ரா நகர சபை ரெண்டு கார்டியன் போட்டுது, ஒருத்தர் யூதர், ஒருத்தர் நபதேயர். அவங்க மாசம் 2 தினாரி, அதாவது 2 ரோமானிய வெள்ளிக் காசுதான் கொடுத்தாங்க, இது பையனுக்குப் பத்தாதுன்னு இவ வழக்கு போட்டா. யார்கிட்ட? எந்த ரபிகிட்டயும் போகல, ரோமானிய கவர்னர்கிட்ட போனா. 127ல நிலக் கணக்கு கொடுக்கும்போது சீசரோட தைக்கி மேல, அதாவது அவரோட அதிர்ஷ்ட தேவதை மேல சத்தியம் பண்ணியிருக்கா. அவளோட கல்யாணப் பத்திரம் அரமேயத்துல, மோசேயோட சட்டப்படின்னு இருக்கு, ரெண்டாவது புருஷனோட மக கல்யாணப் பத்திரம் 128ல கிரேக்க மொழியில, கிரேக்க வழக்கப்படின்னு இருக்கு. ஒரே வீடு!

இது மிஷ்னா தொகுக்கறதுக்கு ரெண்டு மூணு தலைமுறை முந்தினது, நியாயம்தான். ஆனா மிஷ்னா வந்ததும் எல்லாரும் அதுக்குப் பின்னாடி போயிட்டாங்கன்னும் சொல்ல முடியாது. திபேரியா பக்கத்துல ஹம்மத்ங்கற இடத்துல வேற தெய்வத்தைக் கும்பிடக் கூடாதுங்கற யூதர்களோட 4ஆம் நூற்றாண்டு ஜெப ஆலயத் தரையிலயே 12 ராசியும் நடுவுல தேர்ல வர்ற சூரிய தேவன் ஹீலியோஸும் மொசைக்ல இருக்கு, அங்கயே ஒரு கல்வெட்டு வாசகம் செவேரோஸ்ங்கறவரைப் பாராட்டுது, அவர் யூதத் தலைவர்களான பேட்ரியார்க் வீட்டுல வளர்ந்தவராம். ரபிகளுக்கு எவ்வளவு செல்வாக்கு இருந்துதுன்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் வாதம் ஓயல. என் கட்சி என்னன்னா, கையில படையோ போலீஸோ இல்லாத மனுஷங்க எழுதினது இது, வரச்சொல்லி யாரையும் இழுத்துட்டு வர முடியாது, அதனாலதான் ஒவ்வொரு வரிக்கும் இவ்வளவு காரணம் சொல்லி நம்ப வைக்கப் பாக்கறாங்க. தல்மூத்தை மட்டும் படிச்சுட்டு அன்னிக்கு யூதர்கள் இப்படித்தான் வாழ்ந்தாங்கன்னு எழுதறவங்களைப் பாத்தா எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு, பாபதா இருந்த இடமே தெரியாம போயிடறா.

அப்போ ரபிகளோட சட்டம் சாதாரண ஜனங்ககிட்ட போய்ச் சேரவே இல்லையா?
- வாசகர், யாழ்ப்பாணம்

சேர்ந்துது, மெதுவா. இஸ்ரேல்ல பேத் ஷெயான் பள்ளத்தாக்குல ரெஹோவ்னு ஒரு ஊர், அங்க ஜெப ஆலயத்துத் தரையில மொசைக்ல 29 வரி எபிரேய எழுத்து, 6, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுங்கறாங்க. ஜெருசலேம் தல்மூத்துல வர்ற விஷயத்தோட பெரும்பாலும் ஒத்துப்போகுது, ரபிகளோட நூல் வாசகம் கையில கிடைச்சதுல இதுதான் ரொம்பப் பழசு, பாபிலோனியத் தல்மூத்தோட கிட்டத்தட்ட முழுப் பிரதின்னு இருக்கற மியூனிக் கையெழுத்துப் பிரதியே 1342ல எழுதினதுதான், பாத்துக்கங்க. ஏழாவது வருஷம் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கணும்ங்கறது சட்டம், அதனால அந்த வட்டாரத்துல எந்தக் காயை அந்த வருஷம் வாங்கக் கூடாது, மத்த வருஷங்கள்ல எதுக்கு தசமபாகம், அதாவது பத்துல ஒரு பங்கு எடுத்து வைக்கணும்னு தரையிலயே எழுதிப் போட்டிருக்காங்க. முதல்ல "ஷாலோம்"னு ஒரு வணக்கம், அப்புறம் வெள்ளரி, தர்பூசணி, முலாம்பழம், தனியா கட்டி விக்கற புதினா.