தங்கூசியில் ஒட்டிய பஞ்சு

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். மஸ்கோகா பகுதி ஏரி ஒன்றில் தூண்டில் போட்டபோது, ஈரப் பஞ்சு போல ஏதோ தங்கூசி நூலில் திரண்டு தூண்டில் கோலின் நுனி வளையத்தை அடைத்துக்கொண்டது. உள்ளே கறுப்புப் புள்ளிகள். ‘முள் நீர்த்தெள்ளு’ என்றார் பக்கத்துப் படகுக்காரர். இத்தனூண்டு பூச்சியால் ஏரிக்கு என்ன ஆகும்? அடுத்த வாரம் வேறு ஏரிக்குப் போகிறேன். தூண்டிலை என்ன செய்வது?

பதில்: நீங்கள் பார்த்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு கண். பூச்சியல்ல, இறால் நண்டு வகையறா. உடல் சிறியது, முழு நீளமான ஒரு சென்டிமீட்டரில் பெரும்பகுதி வால்முள்தான். அதிலுள்ள கொக்கிகள்தான் தங்கூசியில் மாட்டிக்கொள்கின்றன. கடிக்காது, தாராளமாகக் குளிக்கலாம்.

ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி வந்த நீரில் 1980களில் அமெரிக்கப் பேரேரிகளுக்கு வந்து சேர்ந்தது. பாசியை மேயும் டாஃப்னியா போன்ற உள்ளூர்த் தெள்ளுகள்தான் இதன் இரை. அதே இரையை நம்பி லெப்டோடோரா என்ற கண்ணாடி போன்ற உள்ளூர் வேட்டைத் தெள்ளும் மீன்குஞ்சுகளும் இருக்கின்றன. பந்தியில் முந்திக்கொள்வது வந்தேறிதான். அது புகுந்த ஏரிகளில் லெப்டோடோரா அருகிவிடுகிறது. குஞ்சுகள் இதையே தின்று பழிதீர்க்கலாமே என்றால், அந்த முள்ளை விழுங்க அவற்றின் வாய் போதாது.

எனக்கு வியப்பூட்டுவது வேறொன்று. இந்த வேட்டைக்காரனுக்குப் பார்க்க வெளிச்சம் வேண்டும். அதனால் மிச்சிகன் ஏரியின் டாஃப்னியா பகலில் இருண்ட ஆழத்துக்கு இறங்கி ஒளிகிறது. உயிர் தப்புகிறது, ஆனால் அங்குள்ள குளிரில் வளர்ச்சி மந்தமாகி இனப்பெருக்கமும் குறைகிறது. தின்றது பாதி, மிரட்டியது பாதி.

மேய்பவை குறைந்தால் பாசி கொழுக்கும். விஸ்கான்சின் மாநிலத்தின் மெண்டோட்டா ஏரியில் 2009இல் முள் நீர்த்தெள்ளு பெருகிய பின், நீரினூடே கண்ணுக்குத் தெரியும் ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர் குறைந்தது.

இனி உங்கள் தூண்டில். தாய் காய்ந்து செத்தாலும் முதுகுப் பையிலுள்ள பொன்பழுப்பு உறங்குமுட்டைகள் பிழைத்திருக்கலாம். ஆகவே வழித்தெடுத்த பஞ்சைத் தண்ணீரில் உதறாதீர்கள். காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். படகின் நீரையும் இரைமீன் வாளியின் நீரையும் கரையிலேயே, ஏரிக்குள் வழியாத இடத்தில் கொட்டிவிடுங்கள். மிஞ்சிய இரைமீன்களை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோக வேண்டாம். மீன் வயிற்றுக்குள் போய் வந்தும் அந்த முட்டை பொரிக்கும். எல்லாவற்றையும் ஐந்து நாள் உலர்த்துங்கள். ஒரு வாரம் இருப்பதால் உங்களுக்கு அது போதும். அவசரமென்றால் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரைப் பத்து விநாடிக்குக் குறையாமல் ஊற்றுங்கள். ரீலைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். உலர்த்தும்போதும் ரீலைக் கவனியுங்கள்: அதில் சுற்றியிருக்கும் தங்கூசியின் உள்ளடுக்கில்தான் ஈரம் கடைசிவரை தங்கும்.