ஒன்றரை ஷிப்ட் போச்சு, இனி என்ன செய்வது? – அக்காவிடம் கேளுங்கள்

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். எங்களுடையது அமெரிக்க ஆர்டர் எடுக்கிற கம்பெனி. 2025 ஆகஸ்டில் அங்கே நம் சரக்குக்கு இறக்குமதி வரியை 50 சதவீதம் ஆக்கியதிலிருந்து, ஓவர்டைம் சேர்ந்த ஒன்றரை ஷிப்ட் கிடையாது, சில வாரம் நாலு நாள்தான் வேலை. இரண்டு பிள்ளைகள், லைன் வீட்டு வாடகை. மாவு அரைத்து விற்கலாமா என்று இருக்கிறேன். மகளிர் குழுவில் 40,000 கடன் எடுத்துப் பெரிய கிரைண்டராகப் போடச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, அனுப்பர்பாளையம்

பதில்: கடன் வேண்டாம் கண்ணு. மாவைப் பற்றிக் கணக்குப் போட்டுவிட்டுப் பேசுவோம்.

இரண்டு கிலோ இட்லி அரிசி 90 ரூபாய், அரை கிலோ உளுந்து 65, வெந்தயம், உப்பு, கவர், கரண்ட் எல்லாம் சேர்த்து 20 என்று வையுங்கள். உங்கள் கடை விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆக 175 ரூபாய். மாவு ஆறு கிலோ வரும். கிலோ 40 என்று அத்தனையும் விற்றால் 240. கையில் நிற்பது 65. களைவது, அரைப்பது, கட்டுவது, கிரைண்டரைக் கழுவுவது என்று இரண்டு மணி நேரம் போகும். நீங்கள் ஓவர்லாக்கில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் வருகிற காசு இது!

போதாததற்கு லைன் வீடு. கரண்டுக்கு வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குகிறாரா? அப்படியானால் 100 யூனிட் இலவசமெல்லாம் உங்களுக்கு இல்லை. நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது? உப்புத் தண்ணியில் அரைத்த மாவை ஒரு தடவை வாங்குவார்கள், மறு தடவை வரமாட்டார்கள்.

அப்படியும் ஆசை விடவில்லையென்றால், வீட்டில் இருக்கிற சின்ன கிரைண்டரிலேயே அரைத்து, மாவாக விற்காமல் சாயங்காலம் குழிப்பணியாரமாகச் சுட்டு விற்றுப் பாருங்கள். ஷிப்ட் விட்டு வருகிறவர்களுக்குப் பசிக்கும். அதே மாவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் காசு வரும், லேசாகப் புளித்தாலும் வீணில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். சிறு வியாபாரத்துக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான்.

ஆனால் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று. தையல் கையில் இருக்கிறது, எதற்குக் கிரைண்டரிடம் போகிறீர்கள்? நான் ஈரோட்டில் ஒரு ரெடிமேட் கடை வாசலில் ஆல்ட்டரேஷன் டேபிள் போட்டு உட்கார்ந்திருந்தவள். புது ஜாக்கெட் தைக்க வருகிறவர்களைவிடப் பழசைச் சரிபண்ண வருகிறவர்கள்தான் அதிகம். அதிலும் காசு முடையான காலத்தில் புதுசு எடுக்க யோசிப்பார்கள். இருப்பதைப் பிடித்துக்கொடு, பிரித்துக்கொடு என்பார்கள். சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிப்பது, பேண்ட் ஜிப் மாற்றுவது, நைட்டி உயரம் குறைப்பது, ஜூனில் பள்ளி யூனிஃபார்ம். ஃபால்ஸுக்கு 80 ரூபாய் வாங்கினால், துணி, நூல் போக 50 நிற்கும். வேகமான கைக்கு அரை மணி நேர வேலை. சாதாரண கால் மிஷின் போதும். உங்கள் லைனிலேயே எத்தனை குடும்பம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், கதவில் ஒரு அட்டை எழுதி மாட்டுங்கள். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் சாப்பிட நேரம் இருக்காது, பொங்கல் முடிந்தால் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். அதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

இன்னொன்று, உங்கள் திருப்பூர் காதர்பேட்டை பனியன் சந்தை. அங்கே குழந்தை செட், டி-ஷர்ட், லெக்கின்ஸ் மொத்த விலைக்குக் கிடைக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எது நல்ல துணி, எது ஒரே சலவையில் திருகிக்கொள்ளும் என்று தொட்டதுமே உங்களுக்குத் தெரியும். தேனியில் வாங்குகிறவருக்குத் தெரியாது. ஊருக்குப் போகும்போது ஒரு பை எடுத்துப் போங்கள். சொந்தக்காரர்களுக்குக் கடன் மட்டும் கொடுக்காதீர்கள், சித்தி கேட்டாலும் சரி. கம்பெனித் துணியை வீட்டுக்கு வாங்கிவந்து நூல் பிசிறு வெட்டுகிற வேலை வேண்டாம், கண்தான் போகும்.

மூன்று மாதம் தையல் வேலை நிற்காமல் வந்தால் அப்புறம் பவர் மிஷினை யோசிக்கலாம். உங்களுக்கு 35 வயது ஆகியிருந்தால் கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையலும் உண்டு: 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்றார்கள். முதலில் 150, 200 என்று நிஜமாகவே வந்தது. பிறகு 5,000 கட்டினேன். இப்போது கணக்கில் 11,000 காட்டுகிறது, எடுக்க 8,000 வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: கட்டாதே. அந்த 11,000 வெறும் திரையில் தெரிகிற எண், பணம் இல்லை. முதலில் தந்த 150 உன்னை நம்ப வைக்கப் போட்ட தூண்டில் புழு. இதைப் படித்த உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய், உன் பேங்க்குக்கும் சொல். சீக்கிரம் சொன்னால், பணம் போன கணக்கை முடக்க வழி உண்டு. அவர்களோடு பேசியதை அழித்துவிடாதே, அதுதான் சாட்சி. “உன் கணக்கில் வேறு ஆள் பணம் வரும், மாற்றிவிடு, கமிஷன் தருகிறோம்” என்று அடுத்து வருவார்கள். அதற்குச் சம்மதித்தால் போலீஸ் தேடி வருவது உன் வீட்டுக்கு. அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு, திட்டுவார், திட்டட்டும்.

கேள்வி: கணவர் ஆபீஸ் முடிந்து இரவு பதினொன்று வரை உணவு டெலிவரி செய்கிறார். 400 ரூபாய் கிடைக்கிறது என்கிறார். உடம்பு கெடுமோ என்று பயம்.
– வாசகி, கோவை

பதில்: முதலில் அது 400 தானா என்று பாருங்கள். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? ஆர்டர் கொடுத்துவிட்டுக் காலியாகத் திரும்புவதும் சேர்த்து 60 என்றால், லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டியில் பெட்ரோலே 130 ரூபாய்க்கு மேல். டயர், ஆயில், செயின் தனி. 250 நின்றால் அதிகம். சொந்த உபயோகத்துக்குப் போட்ட இன்ஷூரன்ஸ் இந்த வேலையில் விபத்தானால் கை கொடுக்குமா என்று ஏஜென்ட்டிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். அவர் விடமாட்டார் என்றால் ஆர்டர் நெருக்கமாக விழுகிற வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் போகட்டும். மழை இரவில் கூடுதலாகத் தருகிறோம் என்று ஆப் கூப்பிடும். அன்றைக்கு வண்டிச் சாவி உங்களிடம் இருக்கட்டும்.