வயசு கேட்ட காப்பிக்கடை அம்மா

அன்புள்ள தம்பிக்கு,

போன மாதம் என் வீட்டுக்காரரும் நானும் எட்டு நாள் வியட்நாம் போய் வந்தோம். ஊர் அழகு, சாப்பாடும் ஒத்துக்கொண்டது. ஒரு விஷயம்தான் மனசில் தைத்துவிட்டது. சைகோனில் ஒரு நடைபாதைக் காப்பிக்கடையில் உட்கார்ந்ததும், கடைக்கார அம்மா கைப்பேசியில் மொழிபெயர்த்து என் வயசைக் கேட்டார். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள். தங்கியிருந்த வீட்டிலும் இதே விசாரணைதான். அவர்களுக்கு மரியாதை தெரியவில்லையா, நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேனா?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி,

கடிதத்தைத் 'தம்பி' என்று தொடங்கியிருக்கிறீர்கள். நான் உங்களைவிட இளையவன் என்று எப்படியோ தெரிந்துகொண்டுதானே அப்படி எழுதினீர்கள்? அந்தக் காப்பிக்கடை அம்மாவுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

வியட்நாமியப் பேச்சில் எதிரில் இருப்பவரை உறவுப்பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். தன்னைவிடக் கொஞ்சம் மூத்த ஆண் 'அன்', மூத்த பெண் 'சி', கொஞ்சம் இளையவர் ஆணானாலும் பெண்ணானாலும் 'எம்'. 'நான்' என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். அக்கா முறை உள்ளவரிடம் பேசும்போது தன்னையே 'எம்' என்று சொல்லிக்கொள்வார்கள். உங்கள் வயது தெரியாவிட்டால் உங்களை என்ன சொல்வது, தன்னை என்ன சொல்வது என்று இரண்டுமே அவருக்குப் பிடிபடாது. நடுவில் கைப்பேசி இருந்தாலும் பிறந்ததிலிருந்து வந்த பழக்கம் மாறிவிடுமா?

அப்பாவின் தம்பி 'சூ', அண்ணன் 'பாக்', தங்கை 'கோ', அம்மாவின் தம்பி 'கவ்'. சித்தப்பா, பெரியப்பா, அயித்தை, அம்மான்! இது தெரிந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கிலீஷ்காரர் ஒரே 'அங்கிள்' என்று முடித்துவிடுவதை அவர்களும் நம்மைப் போலப் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். புது முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன கேட்கிறோம்? எந்த ஊர், எந்தக் கோயில். இளையாத்தங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா, நம் நகரத்தார் குலக்கோயில் ஒன்பதில் எது என்று தெரிந்தால்தான் முறை பிடிபடும். அதை நீங்களோ நானோ விசாரணை என்று நினைத்ததில்லை.

ஆனால் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி எனக்கும் பிடிக்காது, அங்கேயும் சரி, இங்கேயும் சரி. பிள்ளை இல்லாதவர்களை அது எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் உங்கள் வருத்தம் நியாயம்தான். கல்யாணம் ஆயிற்றா என்று அங்கே கேட்டால், ஆகாதவர்கள் 'இல்லை' என்று வெட்டிச் சொல்வதில்லை, 'சுவா' என்பார்கள். 'இன்னும் இல்லை' என்று அர்த்தம். அந்தப் பதில் யாரையும் நோகடிக்காது.

தங்கியிருந்த வீட்டில் முன்னோர் படம் வைத்த பலிபீடத்தைப் பார்த்திருப்பீர்கள். இறந்தவர் நினைவு நாளுக்குச் சமைத்து, முதலில் அங்கே படைத்து, பிறகு உறவெல்லாம் கூடிச் சாப்பிடுவார்கள். முன்னோருக்குப் படைக்கும் நம் படைப்பு வீட்டை அறிந்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. சோற்றுக் கிண்ணத்தில் சாப்பிடும் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். செத்தவருக்கு ஊதுபத்தி ஏற்றியது போல ஆகிவிடும்.

பென் தான் சந்தையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனீர்களா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் நம்மவர்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஊர் சைகோன். 1975இல் போர் முடிந்ததை ஒட்டி அங்கிருந்த தமிழர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். கோயில் மட்டும் காலியாகவில்லை. இன்று ஊதுபத்திக் கட்டோடு வந்து நிற்பவர்களில் அநேகம் பேர் வியட்நாம்காரர்கள். கருவறைப் பக்கத்துக் கல்சுவரில் நெற்றியை வைத்து, அம்மனிடம் காதோடு காதாகப் பேசுவது போல நின்றுகொண்டிருப்பார்கள். அதைப் பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது. அவர்கள் அம்மனிடம் என்ன முறை சொல்லிப் பேசினார்கள் என்று கேட்காமல் வந்துவிட்டேன், இன்றைக்கும் அது குறையாகத்தான் இருக்கிறது.

வயசைச் சொன்ன பிறகு அந்த அம்மா உங்களை என்னவென்று கூப்பிட்டார், 'சி' என்றா, 'கோ' என்றா? காதில் விழுந்திருந்தால் எழுதுங்கள், ஆச்சி.