தர்மத்துக்கும் ஓர் உச்சவரம்பு

கேள்வி: யூதர்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தர்மம் செய்தே ஆகவேண்டுமாமே? பெயர் தெரியாமல் கொடுப்பதுதான் உசத்தி என்றும் படித்தேன். அப்புறம் ஏன் அவர்களுடைய ஜெப ஆலயச் சுவர்களில் நன்கொடையாளர் பெயர்ப் பலகைகள்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: கொடுப்பது கட்டாயம், அதில் பேச்சே இல்லை. பத்தில் ஒன்று என்ற கணக்கு சட்டமா, வெறும் வழக்கமா என்பதில்தான் ரபிகளுக்குள் (யூத மதகுருமார்கள்) வாதம். தர்மம் வாங்கிப் பிழைக்கிறவரும் தனக்குக் கிடைத்ததில் கொஞ்சம் கொடுக்கவேண்டும் என்கிறது தல்மூத், அதாவது ரபிகளின் பழைய சட்ட விவாதத் தொகுப்பு. எனக்குப் பிடித்தது மேல்வரம்புதான்: ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாரிக் கொடுக்காதே, நாளைக்கு நீயே அடுத்தவரிடம் கையேந்தி நிற்கக்கூடாது!

பெயர் மறைப்பதைப் பற்றி நீங்கள் படித்தது பாதி சரி. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராகவும் இருந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று இருவருக்குமே தெரியாத தானத்துக்கு இரண்டாம் இடம்தான். முதலிடம், ஒருவர் கையேந்தும் நிலைக்கு வருவதற்கு முன்பே கடனோ வேலையோ கொடுத்து, தொழிலில் கூட்டுச் சேர்த்துத் தூக்கிவிடுவதற்கு. முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி.

தல்மூதில் மார் உக்வா என்பவர் கதை வருகிறது. பக்கத்து ஏழை வீட்டுக் கதவிடுக்கில் தினமும் நாலு காசு போட்டுவிட்டு ஓசைப்படாமல் போய்விடுவார். யாரென்று பார்த்துவிட ஒருநாள் அந்த ஏழை கதவைத் திறக்க, இவரும் மனைவியும் ஓடிப்போய், நெருப்பை அப்போதுதான் வழித்தெடுத்திருந்த அடுப்புக்குள் ஒளிந்துகொண்டார்கள். அவர் கால் சுடுகிறது, அந்தம்மாவுக்குச் சுடவில்லை, 'உங்கள் காலை என் கால்மேல் வையுங்கள்' என்கிறார். தன் தர்மத்துக்கு மதிப்புக் குறைவோ என்று அவர் முகம் வாடிவிட்டது. அதற்கு அந்தம்மா, வீட்டில் இருக்கிறவள் நான், ஏழைக்கு என் கையால் கிடைப்பது உடனே சாப்பிடக்கூடிய சோறு என்று காரணம் சொல்கிறார். (காசு கொடுத்தால் அவர் கடைக்குப் போய் வாங்கி, சமைத்து, அப்புறம்தானே சாப்பிடவேண்டும்.)

சரி, பலகைக்கு வருவோம். அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த ரபி மோசே இஸர்லெஸ், கொடுத்ததைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளக்கூடாது என்று கண்டித்துவிட்டு, உடனேயே, ஒரு பொருளைத் தானமாக வைத்தவர் நினைவுக்காக அதில் தன் பெயரைப் பொறிக்கலாம், அது தகுந்ததுதான் என்றும் எழுதியிருக்கிறார். ஏழையின் கைக்குப் போகிற காசு வேறு, ஜெப ஆலயத்துக்குக் கொடுக்கிற விளக்கு வேறு. கொடுத்தவர் தெரிந்தால் ஏழை கூசிப்போவார், விளக்குக்கு ஏது வெட்கம்!